வீட்டு இன்டர்நெட் மந்தமா? புது ரூட்டர் வாங்கும் முன் வெளிச்சத்தின் அளவைப் பாருங்கள்

எங்கள் வீட்டு இன்டர்நெட் ஆனி மாதக் காற்றோடு சேர்ந்து படுத்தது. தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால்தான் முழுசாகச் சரியானது. நடுவில் போன பணம், சம்பளப் பிடித்தம், தூக்கம் எல்லாவற்றையும் நினைத்தால் இப்போதும் ஆற்றாமையாக இருக்கிறது. யாரைக் கேட்டாலும் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். எதை நம்புவது என்று தெரியாமல் தனியாக அல்லாடியதுதான் பணம் போனதைவிடப் பெரிய வேதனை. ஆரம்பத்திலேயே யாராவது ஒருவர், "முதலில் மோடத்துக்கு வெளிச்சம் எவ்வளவு வருகிறது என்று பாரும்மா" என்று சொல்லியிருந்தால் பாதிக் கஷ்டம் மிச்சமாகியிருக்கும். வெளிச்சம் என்றால், ஃபைபர் என்னும் கண்ணாடி இழைக்குள் இன்டர்நெட்டைச் சுமந்து வரும் ஒளி. எனக்கு அப்படிச் சொல்ல ஆள் இல்லை. அதனால்தான் நடந்ததை விடாமல் எழுதுகிறேன்.

கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில், தென்னந்தோப்புக்குள் எங்கள் வீடு. பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் பொள்ளாச்சி பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் கோபாலபுரம் செக்போஸ்ட் வந்துவிடும். வீட்டிலும் கடைவீதியிலும் தமிழ், கரண்ட் பில்லும் ரேஷன் கார்டும் மலையாளம். கோயமுத்தூரில் உள்ள ஒரு மெடிக்கல் கோடிங் (நோயாளிகளின் மருத்துவக் குறிப்புகளுக்குக் குறியீடு போடும்) நிறுவனத்துக்கு நான் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். மதியம் 2 மணிக்கு உட்கார்ந்தால் இரவு 11 மணி வரை. ஆபீஸ் கம்ப்யூட்டரை இங்கிருந்து ரிமோட்டில் திறந்துதான் வேலை. இணைப்பு அறுந்தால் அந்த நேரம் வேலை நேரக் கணக்கில் வராது, முடிக்கும் சார்ட், அதாவது நோயாளிக் குறிப்புகளின் எண்ணிக்கையும் குறையும், மாதக் கடைசியில் சம்பளத்தில் பிடிப்பார்கள். 150 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 150 மெகாபிட் வேகம்) பிளான், மாதம் 699 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 824 ரூபாய் 82 காசு. கரண்ட் போஸ்ட் வழியாகத் தோப்பைத் தாண்டி ஃபைபர் வருகிறது. லைனை இழுத்துக் கொடுப்பது உள்ளூர் கேபிள்காரர், பின்னால் இருப்பது ஒரு பெரிய நிறுவனம். முதல் வருடம் ஒரு குறையும் சொல்ல முடியாது.

ஆனிக் காற்று தொடங்கிய பிறகு சாயங்காலங்களில் திரை அப்படியே உறைந்து நிற்க ஆரம்பித்தது. மவுஸை நகர்த்தினால் சில விநாடி கழித்து அம்புக்குறி நகரும். பிறகு இணைப்பே விழும், மறுபடி லாகின், மறுபடி ஓடிபி. மகனின் ஆன்லைன் டியூஷனில் வாத்தியாரின் குரல் துண்டு துண்டாக வரும், அவன் என்னைப் பார்ப்பான், நான் மோடத்தைப் பார்ப்பேன். டீம் லீடர் நல்ல மனுஷிதான், ஆனால் தினமும் "உங்க பக்கம்தான் நெட் பிரச்சினை" என்று கேட்கும்போது கூனிக் குறுகிப் போவேன். என் உழைப்பில் குறையில்லாமல் என் பேர் கெடுகிறதே என்ற எரிச்சல். அத்தை ஒருநாள், "பேசாம கோயமுத்தூருக்கே குடி போயிரலாமா கண்ணு" என்று கேட்டபோது அழுகையே வந்துவிட்டது. அந்த மாதங்களில் சம்பளத்தில் மட்டும் சுமார் 6,500 ரூபாய் போனது.

கஸ்டமர் கேருக்குப் போன் செய்தால் முதல் பதில் எப்போதும் ஒன்றுதான், ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கள். செய்தால் சிறிது நேரம் சரியாக இருப்பதுபோலத் தெரியும், அதற்குள் அவர்கள் புகாரை முடித்துவிடுவார்கள். கடைசியில் ஒரு தம்பி நேரில் வந்தார். காற்று அடங்கிய காலை நேரம். மோடத்துக்குப் பக்கத்தில் நின்று தன் போனில் ஸ்பீட் டெஸ்ட் போட்டார், 148 காட்டியது. "பாருங்கக்கா, லைன் பக்கா. உங்க மோடம் பழசு, வீட்டுச் சுவரும் தடிமன். நல்ல ரூட்டர் ஒண்ணு வாங்கி மாட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பொள்ளாச்சியில் 3,400 ரூபாய்க்கு ஒரு ரூட்டர் வாங்கி மாட்டினோம். சாயங்காலம் காற்று எழுந்தது, திரை பழையபடி உறைந்தது.

இங்கே கொஞ்சம் நின்று அந்த 148 பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்பீட் டெஸ்ட் எந்த சர்வருக்குப் போய் வருகிறது என்பது முக்கியம். நிறுவனத்தின் சொந்த சர்வரையோ பக்கத்து ஊர் சர்வரையோ அது தானாகவே தேர்ந்துகொள்ளும். அந்தச் சின்னத் தூரத்துக்குப் பெரும்பாலும் நல்ல எண் வரும். நாம் உண்மையில் போகும் இடம் சென்னையோ மும்பையோ சிங்கப்பூரோ. அதனால் டெஸ்ட் செயலியில் சர்வரை மாற்றி, வேறு நிறுவனத்தின் சென்னை சர்வர் ஒன்று, மும்பை சர்வர் ஒன்று என்று வைத்துப் பாருங்கள். பிரச்சினை வரும் நேரத்தில்தான் பாருங்கள். காலையில் எடுத்த எண் இரவுப் பிரச்சினைக்குச் சாட்சி ஆகாது. இன்னொன்று, பிளானில் சொல்வது மெகாபிட், டவுன்லோடு ஆகும்போது கம்ப்யூட்டர் காட்டுவது பெரும்பாலும் மெகாபைட். எட்டு பிட் ஒரு பைட். 100 எம்பிபிஎஸ் இணைப்பில் ஒரு விநாடிக்கு 12.5 மெகாபைட் இறங்கினால் அது முழு வேகம். இது தெரியாமல் என் தோழி ஒருத்தி நல்ல இணைப்பையே மாற்றிவிட்டாள்.

அதைவிட முக்கியமானது, என்னைப் போன்ற ரிமோட் வேலைக்கு வேகம் அதிகம் வேண்டியதில்லை, சில எம்பிபிஎஸ் போதும். நடுவழியில் தகவல் தொலையாமல் இருக்க வேண்டும், போய்த் திரும்பும் நேரம் குறைவாக இருக்க வேண்டும். ஸ்பீட் டெஸ்ட் 60 காட்டும்போதே என் திரை உறைந்து நின்றது இதனால்தான். இதைப் பிடிக்க பிங் உதவும், அதாவது ஒரு சின்னத் தகவலை அனுப்பி அது திரும்பி வருகிறதா, எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பார்க்கும் சோதனை. விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து இரண்டு ஜன்னல்களில் இரண்டு பிங் ஓட விடுங்கள். ஒன்று வீட்டு மோடத்துக்கு, பல வீடுகளில் அது 192.168.1.1, மோடத்தின் அடியில் ஸ்டிக்கரில் இருக்கும். மற்றது வெளியே 8.8.8.8-க்கு, அது கூகுளின் சர்வர். மோடத்துக்குப் போகும் பிங்கே ஏறி இறங்கினால் கோளாறு வீட்டுக்குள், வைஃபையில். மோடம் வரை ஒன்றிரண்டு மில்லி விநாடியில் சீராக வந்து, வெளியே போவது மட்டும் 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்' என்று விட்டு விட்டு வந்தால் கோளாறு வாசலுக்கு வெளியே. இதைச் செய்யும்போது லேப்டாப்பை மோடத்தில் கேபிளால் நேராக மாட்டிக்கொண்டால் சந்தேகமே இருக்காது. எனக்கு வெளியேதான் விட்டுப்போனது, அதுவும் காற்று பலமாக அடிக்கும்போது நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு. அன்றைக்குத்தான், 3,400 ரூபாய் ரூட்டர் எந்தக் காலத்திலும் இதைச் சரிசெய்திருக்காது என்று புரிந்தது. மனசு கொதித்தது.

லைன் சரியாகும் வரை சமாளிக்க மொபைல் ஹாட்ஸ்பாட்டை நம்பினேன். எல்லையோரம் குடியிருப்பவர்களுக்கு இதில் தனியாக ஒரு தொல்லை உண்டு. போன் சேவைக்காக நாட்டைப் பல டெலிகாம் வட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். கேரளா ஒரு வட்டம், தமிழ்நாடு வேறு வட்டம். எங்கள் மாடியில் போனை வைத்தால் சிலநேரம் கேரள டவரைப் பிடிக்கும், சிலநேரம் பொள்ளாச்சிப் பக்கத்து டவரைப் பிடிக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும் நொடியில் ஆபீஸ் விபிஎன் (ஆபீஸ் நெட்வொர்க்கோடு சேர்க்கும் பாதுகாப்பான இணைப்பு) அறுந்துவிடும். இதற்கு வழி இருக்கிறது. போன் செட்டிங்கில் மொபைல் நெட்வொர்க் பகுதிக்குப் போய், நெட்வொர்க்கைத் தானாகத் தேர்வு செய்வதை நிறுத்திவிட்டு, பட்டியலில் வருவதில் ஒன்றை நாமே தேர்ந்து வைக்கலாம். வேலை நேரம் முழுக்க அது தாவாமல் நிற்கும். வெளியே கிளம்பும்போது மறக்காமல் பழையபடி தானியங்கிக்கு மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் வழியில் சிக்னலே கிடைக்காமல் போகலாம். டேட்டா பேக் வாங்கியே அந்தச் சில மாதங்களில் 1,500 ரூபாய்க்கு மேல் கரைந்தது.

கோபாலபுரத்தைத் தாண்டி இருக்கும் என் சித்தி வீட்டில் இன்னொரு நிறுவனத்தின் இணைப்பு பிரமாதமாக ஓடியது. அதே கம்பெனியை இங்கே இழுக்கலாம் என்று கேட்டோம். முடியாது என்றார்கள். இன்டர்நெட் லைசென்ஸில் ஏ, பி, சி என்று மூன்று வகை. ஏ வகை நாடு முழுவதற்கும், பி வகை ஒரு வட்டத்துக்கு, சி வகை அதைவிடச் சிறிய பகுதிக்கு. தமிழ்நாட்டு வட்டத்துக்கு மட்டும் லைசென்ஸ் வாங்கியவர் செக்போஸ்ட்டைத் தாண்டி இந்தப் பக்கம் இணைப்பு தர முடியாது, நடுவில் ஒரே ஒரு தோப்பு இருந்தாலும் சரி. எல்லையோரம் வீடு கட்டுகிறவர்களும் வாடகைக்கு வருகிறவர்களும் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதை விசாரித்துக்கொள்ளுங்கள். பக்கத்து ஊரில் நன்றாக ஓடுகிறது என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

திருப்பம் வந்தது என் பெரியப்பா பேரனால். அவன் கோயமுத்தூரில் ஃபைபர் ஸ்ப்ளைசிங், அதாவது ஃபைபர் இழைகளை ஒட்டிச் சேர்க்கும் வேலை செய்கிறான். ஒரு விசேஷத்துக்கு வந்தவனிடம் புலம்பினேன். அவன் கேட்ட முதல் கேள்வி, "பவர் எவ்வளவு வருதுங்க அத்தை?" கரண்டைக் கேட்கிறான் என்று நினைத்து, வோல்டேஜ் நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். அவன் கேட்டது ஃபைபரில் வரும் வெளிச்சத்தின் பலம். என் லேப்டாப்பில் 192.168.1.1 திறந்து, மோடத்தின் ஸ்டிக்கரில் இருந்த பாஸ்வேர்டைப் போட்டு, ஆப்டிகல் இன்ஃபர்மேஷன் என்ற பக்கத்துக்குப் போனான். ஆர்எக்ஸ் பவர் (மோடத்துக்கு வந்து சேரும் வெளிச்சத்தின் பலம்) என்ற இடத்தில் மைனஸ் 28.6 டிபிஎம் என்று இருந்தது. டிபிஎம் என்பது அந்தப் பலத்தை அளக்கும் அலகு. சில மோடங்களில் இந்தப் பக்கம் பான் ஸ்டேட்டஸ் என்ற பெயரில் இருக்கும். சில நிறுவனங்கள் வாடிக்கையாளர் பார்க்க முடியாதபடி பூட்டி வைத்திருக்கும். அப்படியென்றால் கஸ்டமர் கேரிலேயே கேளுங்கள், அவர்கள் அங்கிருந்தே அந்த எண்ணைப் பார்க்க முடியும்.

அந்த எண்ணை எப்படிப் படிப்பது என்று அவன் சொல்லிக்கொடுத்ததை அப்படியே தருகிறேன். மைனஸுக்குப் பின்னால் உள்ள எண் பெரிதாகப் பெரிதாக வெளிச்சம் குறைவு. மூன்று கூடினால் வெளிச்சம் பாதியாகிறது, பத்து கூடினால் பத்தில் ஒரு பங்காகிறது. நம் வீடுகளுக்கு வரும் ஜிபான் (ஒரே ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும்) வகை இணைப்பில் மோடத்துக்கு வேண்டிய குறைந்தபட்ச அளவு பொதுவாக மைனஸ் 27. மைனஸ் 15-லிருந்து 24 வரை இருந்தால் நிம்மதி. 25, 26 என்றால் கவனம் வேண்டும். 27-ஐத் தாண்டினால் இணைப்பு விழாவிட்டாலும் பிழைகள் சேரும், தொலைந்த தகவல் மறுபடி மறுபடி அனுப்பப்படும், நமக்கு அது மந்தமாகத் தெரியும். ரொம்பக் குறைந்தால்தான் மோடத்தில் சிவப்பு 'லாஸ்' (சிக்னல் வரவில்லை என்று காட்டும்) விளக்கு எரியும். சிவப்பு எரியவில்லை என்பதற்காக லைன் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. வந்த தம்பி பார்த்தது அந்த விளக்கை மட்டும்தான்.

அப்புறம் அவன் சொன்ன யோசனையைத்தான் இதில் எல்லாவற்றையும்விடப் பெரிதாக நினைக்கிறேன். ஒரு நோட்டில் தேதி, நேரம், கேபிளில் எடுத்த வேகம், ஆர்எக்ஸ் பவர், காற்று எப்படி என்ற ஐந்தையும் எழுதி வரச் சொன்னான். எழுதினேன். ஒரு வாரத்திலேயே கதை தெளிவாகிவிட்டது. காற்றில்லாத காலையில் மைனஸ் 24, 25. கணவாய்க் காற்று மேற்கிலிருந்து அடிக்கத் தொடங்கினால் 27, 28, 29. பாலக்காட்டுக் கணவாய்க்கு நேர் எதிரே இருக்கும் ஊர் எங்களுடையது. ஆனி, ஆடியில் தென்னை மட்டை கூரையில் வந்து விழும் காற்று. போஸ்ட்டில் தொங்கும் கேபிள் நாளெல்லாம் ஊஞ்சலாடும். எங்கோ ஒரு இணைப்பு ஆட்டத்தில் விலகி விலகிச் சேர்கிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

அடுத்த போனில் நான் "ஸ்லோவா இருக்கு" என்று சொல்லவில்லை. "ஆர்எக்ஸ் பவர் மைனஸ் 28.6, காற்றடிக்கும்போது 29 வரை போகிறது, கரண்ட் போஸ்ட்டில் இருக்கும் ஃபைபர் பாக்ஸில் பவர் மீட்டர் வைத்து அளக்கணும், சாயங்காலம் வாங்க" என்றேன். பேசியவரின் தொனியே மாறிவிட்டது. மறுநாளே வேறொரு அனுபவசாலி ஏணியும் மீட்டரும் எடுத்துக்கொண்டு வந்தார். பாலக்காட்டுச் சித்தூர்க்காரர், மலையாளமும் தமிழும் கலந்து பேசினார். முதலில் போஸ்ட்டில் உள்ள பாக்ஸில் அளந்தார், மைனஸ் 19.8. வீட்டில் 28. ஃபைபரில் ஒரு கிலோமீட்டருக்கே இந்த எண் அரை டெசிபெல்கூடக் குறையாது. எங்கள் வீட்டுக்கு இழுத்தது இருநூறு மீட்டர்தான். இணைப்புகளில் போவதையும் சேர்த்து ஒன்று, ஒன்றரை குறையலாம், எட்டு குறையக் கூடாது. நீங்களும் ஆள் வந்தால் இந்த இரண்டு எண்களையும் உங்கள் கண் முன்னால் அளக்கச் சொல்லுங்கள். போஸ்ட்டிலேயே குறைவாக இருந்தால் பிழை அவர்கள் லைனில், போஸ்ட்டில் நன்றாக இருந்து வீட்டில் குறைந்தால் நடுவில் உள்ள கேபிளில்.

இருட்டத் தொடங்கியதும் அவர் ஃபைபரை மோடத்திலிருந்து கழற்றி சிவப்பு லேசர் பேனாவை மாட்டினார். ஏணியில் ஏறி பாக்ஸைத் திறந்தபோது, நம் வீட்டு லைன் சேரும் கனெக்டருக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒளி கசிந்துகொண்டிருந்தது. பாக்ஸின் மூடி உடைந்து கம்பியால் கட்டியிருந்தது. மிச்சக் கேபிளை உள்ளே சுருட்டித் திணித்ததில் ஃபைபர் ஓரிடத்தில் கூர்மையாக மடங்கியிருந்தது. கையால் மாட்டும் வகைக் கனெக்டர் வேறு, காற்றில் கேபிள் இழுக்க இழுக்கத் தளர்ந்துபோயிருந்தது. அவர் அதை வெட்டி எறிந்துவிட்டு மெஷினில் உருக்கி ஒட்டினார், புது மூடி போட்டார், கேபிளின் இழுவை கனெக்டரில் விழாதபடி போஸ்ட்டிலேயே கிளாம்ப் அடித்தார். மோடத்தில் மைனஸ் 20.7. அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இதற்கு ஒரு பைசா வாங்கவில்லை, வாங்கவும் கூடாது, லைன் அவர்களுடையது. ஒரு எச்சரிக்கை. ஃபைபரின் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்காதீர்கள், குழந்தைகளையும் விடாதீர்கள். அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர். வீட்டுக்குள் மோடத்துக்கு வரும் மெல்லிய வயரை டேபிள் காலிலோ டிவிக்குப் பின்னாலோ இறுக்கி மடிக்காதீர்கள். பச்சை முனையை நீல முனைக்கான சாக்கெட்டில் சொருகாதீர்கள், இரண்டின் முனையும் வெவ்வேறு கோணத்தில் தேய்த்திருக்கும்.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். இணைப்பு அறுவது நின்றது, ஆனால் மாடியில் என் அறையில் வைஃபை இருபதைத் தாண்டவில்லை. கீழே முன்பகுதி தாத்தா காலத்து மண் சுவர், ஒன்றரை அடி தடிமன், பின்னால் காங்கிரீட் மாடி. 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வேகமானது, ஆனால் இப்படிப்பட்ட சுவரைத் தாண்டாது. 2.4 தாண்டும், வேகம் குறைவு. 2.4-ஐ வைத்துக்கொண்டால் சேனலை 1, 6, 11 மூன்றில் ஒன்றாக வையுங்கள், இவை மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று விழாதவை. மாடிக்குக் கேபிள் இழுப்பதுதான் சரி என்று எலக்ட்ரீஷியனை வைத்து இழுத்தோம். வயருக்கும் கூலிக்கும் 2,600 ரூபாய். வாங்கிய ரூட்டரை மாடியில் வைத்ததால் அது வீணாகவில்லை என்ற அளவில் ஒரு ஆறுதல்.

ஆனால் கேபிளிலும் 94-க்கு மேல் ஏறவில்லை. இந்த 94, 95 எண்ணைப் பார்த்தால் உடனே புரிந்துகொள்ளுங்கள், வழியில் எங்கோ 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு மேல் போக முடியாத ஒரு துண்டு இருக்கிறது. மலிவான மோடங்கள் பலவற்றில் முதல் லேன் போர்ட் (நெட்வொர்க் வயர் சொருகும் துளை) மட்டும்தான் கிகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ், மற்றவை 100. எங்கள் வீட்டில் வயர் மூன்றாவதில் சொருகியிருந்தது. முதலாவதுக்கு மாற்றியும் 94 என்றால் வயரைச் சந்தேகப்படுங்கள். கிகாபிட்டுக்கு உள்ளே இருக்கும் எட்டுக் கம்பியும் வேண்டும், ஒன்று அறுந்தாலோ முனையில் பிளக்கை அழுத்தி மாட்டியதில் (கிரிம்ப்) சேராமல் போனாலோ தானாக 100-க்கு இறங்கிவிடும். எங்களுக்கு இரண்டு கோளாறும் இருந்தது. கடையில் கொடுத்த வயரின் கம்பியைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாக இருந்தது, அலுமினியத்துக்கு மேல் செம்பு பூச்சு. வளைத்ததில் உடைந்திருந்தது. வாங்கும்போதே கடையில் ஒரு முனையைச் சுரண்டிப் பார்த்து, முழுச் செம்பு என்று உறுதி செய்துகொண்டு வாங்குங்கள். கேட்5இ என்ற வகை வயர் போதும், 100 மீட்டர் வரை கிகாபிட் தாங்கும். மறுபடி வயர் மாற்ற 1,100 ரூபாய். வலித்தது, ஆனால் இப்போது மாடியில் 145.

மிச்சம் இருந்தது இரவு 8 முதல் 10.30 வரையான இறக்கம். வெளிச்சம் மைனஸ் 20, கேபிளில் நேரடி சோதனை, காற்றும் இல்லை, ஆனாலும் மும்பை சர்வருக்கு 25, 30 தான். பகலில் 140. நேரத்தை வைத்தே வரும் இந்த மாதிரி இறக்கத்துக்கு வீட்டில் எதை மாற்றினாலும் பலன் கிடையாது. ஜிபானில் ஒரு கிளையில் இறங்கும் சுமார் 2.5 ஜிபிபிஎஸ்ஸை (2,500 எம்பிபிஎஸ்) 32 அல்லது 64 வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. அதைவிட முக்கியமாக, உள்ளூர் ஆபரேட்டர் மேலே வாங்கியிருக்கும் கொள்ளளவு, ஊரே ஒரே நேரத்தில் சீரியலும் கிரிக்கெட்டும் பார்க்கும்போது போதாமல் போகும். இதற்குப் போனில் எத்தனை தரம் கத்தினாலும் நடக்காது, எழுத்தில் கொடுக்க வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012-இல் கொண்டுவந்த விதிமுறைப்படி புகாருக்கு டாக்கெட் எண் (புகாரின் பதிவு எண்) தர வேண்டும். பதில் திருப்தியில்லை என்றால் அதே நிறுவனத்தின் அப்பலேட் அத்தாரிட்டிக்கு மேல்முறையீடு செய்யலாம், கட்டணம் கிடையாது, 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். நான் நோட்டில் எழுதிய எண்களையும் ஸ்கிரீன்ஷாட்களையும் இணைத்து அனுப்பினேன். சட்டப்படி பிராட்பேண்ட் என்று சொல்ல 2 எம்பிபிஎஸ் வந்தாலே போதும். 2023 ஜனவரி வரை அது 512 கேபிபிஎஸ்ஸாக இருந்தது. அதனால் "பிராட்பேண்டே இல்லை" என்று வாதாடாதீர்கள். நீங்கள் காசு கொடுத்த பிளானில் என்ன எழுதியிருக்கிறது, என்ன கிடைக்கிறது என்பதை மட்டும் எண்ணோடு எழுதுங்கள். அதே சமயம், அந்த மாத டேட்டா வரம்பு முடிந்து வேகம் தானாகக் குறைந்ததா என்று ஆப்பில் பார்த்துவிட்டு எழுதுங்கள். அது முடிந்திருந்தால் உங்கள் புகார் முதல் வரியிலேயே விழுந்துவிடும். எனக்கு ஒரு மாத வாடகையைக் கழித்தார்கள். சில வாரம் கழித்து ஆபரேட்டர் மேல் லைனைக் கூட்டினார், இரவில் இப்போது நூறுக்குக் குறைவதில்லை.

நடுவில் பலர் சொன்ன இன்னொரு வைத்தியம், டிஎன்எஸ்ஸை, அதாவது தளத்தின் பெயரை வைத்து அதன் முகவரியைத் தேடித் தரும் சேவையை மாற்று என்பது. மாற்றிப் பார்த்தேன். ஒரு தளத்தின் முகவரியைக் கண்டுபிடிக்கும் நேரம் கொஞ்சம் குறையும், பக்கம் திறக்கத் தொடங்குவது சுறுசுறுப்பாகத் தெரியும். வரும் வேகமோ தொலையும் தகவலோ அதனால் மாறாது. செலவில்லாத காரியம், செய்து பார்க்கலாம், ஆனால் அதை நம்பி மற்ற சோதனைகளைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஐப்பசி பிறந்ததும் இங்கே சாயங்கால இடி ஆரம்பித்துவிடும். ஃபைபர் கண்ணாடி என்பதால் அதில் மின்சாரம் ஏறாது, ஆனால் அதைத் தாங்கும் கேபிளில் இரும்புக் கம்பி இருக்கலாம், மோடத்தின் அடாப்டர் வழியாகவும் அடி வரும். மானம் கறுத்தால் அடாப்டரைப் பிளக்கிலிருந்தே பிடுங்கி, மாடிக்குப் போகும் லேன் வயரையும் கழற்றிவிடுகிறோம். மின்னல் இல்லாமல் வெறும் கரண்ட் மட்டும் போகும் நாட்களுக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று வாங்கியிருக்கிறேன். உங்கள் மோடத்தின் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருப்பதைப் பார்த்து அதற்குப் பொருத்தமானதை வாங்குங்கள். ஆர்எக்ஸ் பவரை மாதம் ஒருமுறை பார்த்து அதே நோட்டில் குறித்து வருகிறேன். சென்ற மாதம் பக்கத்துத் தோட்டத்து அக்கா, நெட் சரியில்லை, புது ரூட்டர் வாங்கச் சொல்கிறார்கள் என்று வந்தார். போய்ப் பார்த்தால் மைனஸ் 27.9. ரூட்டர் வாங்கவிடாமல் முதலில் புகார் போட வைத்தேன், போஸ்ட்டில் கனெக்டரை மாற்றி 21-க்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.